ஆள் எடுக்கிறார்களாம்... அவசரப்படாதே தம்பி!

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் நாலு பைலட் வேலை விளம்பரம் வந்தது. கீழே ஒரே வரி: “எதுக்குக்கா போடட்டும்?”

நான் வெளியூர் ஓட்டல் அறையில், விடிகாலை டூட்டிக்கு யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன், அதுவரைக்கும் எதுக்கும் போடாதே” என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இதே கேள்வியோடு நான் உட்கார்ந்திருந்த காலத்தில் கேட்பதற்கு எனக்கு ஓர் அக்கா இல்லை. தெருவில் ஒரு மாமா சொன்னார், “விளம்பரம் பெருசா குடுத்திருக்கான், நல்ல கம்பெனியாத்தான் இருக்கும் அம்மணி.” நம்பிப் போனேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீடு. மலையேறும் முதல் பஸ் கியர் மாற்றும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். அப்பாவுக்குக் கன்னங்குறிச்சிப் பக்கம் கொஞ்சம் தோட்டம். நான் ஏ.டி.ஆர். விமானம் ஓட்டுகிறேன். தம்பி 200 மணி நேரம் பறந்து விமானி லைசென்ஸான சி.பி.எல். வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. லைசென்ஸ் பீரோவில், அவன் மொட்டை மாடியில். ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே காத்திருக்கும் மற்ற தம்பி தங்கச்சிகளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காமலாபுரத்தைப் பார்

தம்பி, சின்ன விமானக் கம்பெனிகள் எப்படி வருகின்றன, எப்படிப் போகின்றன என்று தெரிந்துகொள்ள நீ டெல்லி போக வேண்டாம். ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையம் வரை போனால் போதும். 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் அங்கிருந்து சென்னைக்கு விமானம் விட்டது. அப்பா உன்னை வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போய், வேலிக்கு வெளியே நின்று காட்டினார், நினைவிருக்கா? 2011-ல் அது நின்றது. 2012 அக்டோபரில் அந்தக் கம்பெனியே தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஏழு வருஷம் போல பயணிகள் விமானமே கிடையாது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் நின்றது. அடுத்த வருஷம் ட்ரூஜெட்டும் பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு – சேலம் – கொச்சி என்று தொடங்கியது. அதே மாதக் கடைசியில் இண்டிகோவும் வந்தது.

இந்த ஊரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போக ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. அப்புறம் ஏன் நின்று நின்று வருகிறது? ஒன்று, கம்பெனியின் கடன். அது நம் ஊரில் நடப்பதைப் பார்த்துத் தெரியாது. இன்னொன்று, உடான் திட்டத்தின் கணக்கு. 2016-ல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா – டெல்லி விமானத்தோடு தொடங்கிய திட்டம் அது. விமானத்தில் பாதி இருக்கைகளைக் குறைந்த விலையில் விற்க வேண்டும்; திட்டம் தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு ₹2,500 என்ற அளவு. அதனால் வரும் நஷ்டத்தை அரசு ஈடு கட்டும். அந்த ஈட்டுத்தொகை ஒரு ரூட்டுக்கு மூன்று வருஷம்தான். அதற்குள் டிக்கெட் காசிலேயே ரூட் ஓடப் பழகிவிட்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் நாலாவது வருஷம் கம்பெனி வேறு ஊரைப் பார்த்துப் போய்விடும்.

அதனால் உனக்கு வந்த நாலு விளம்பரத்தையும் வைத்து முதல் வேலையாக இதைச் செய். ஒவ்வொரு கம்பெனியும் பறக்கும் ஊர்களை ஒரு தாளில் எழுது. எது உடான் ரூட், எப்போது ஆரம்பித்தார்கள், மூன்று வருஷம் எப்போது முடிகிறது என்று பக்கத்தில் குறி. எல்லா ரூட்டும் ஒரே சமயத்தில் முடிகிற கம்பெனியில், நீ லைன் ட்ரெய்னிங் முடித்து மூச்சு விடும்போது அவர்கள் ஆள் குறைத்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய பெயர்களையும் மனதில் வை. மதுரைக்காரர்கள் தொடங்கிய பாரமவுண்ட் 2005 முதல் 2010 வரை. ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை. ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரலில் தொடங்கி அடுத்த வருஷம் ஜூலையில் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் ஒரு வருஷம்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொன்றும் தொடங்கும்போது இதே மாதிரிதான் முழுப்பக்க விளம்பரம் வந்தது.

என்.ஓ.சி. என்றால் ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம்

நீ அனுப்பியதில் ஒரு கம்பெனி இன்னும் ஒரு விமானத்தையும் தரையிலிருந்து கிளப்பவில்லை. “மத்திய அரசு அனுமதி குடுத்துட்டாங்கக்கா, பேப்பர்லேயே வந்துச்சு” என்கிறாய். வந்தது உண்மைதான். ஏர் கேரளாவுக்கு 2024-ல் வந்தது. அல்ஹிந்த் ஏர், ஃப்ளைஎக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் 2025 டிசம்பரில் வந்தது. ஆனால் அது விமானப் போக்குவரத்து அமைச்சகம் தரும் என்.ஓ.சி. கல்யாணப் பேச்சில் ஜாதகம் பொருந்திவிட்டது என்று சொல்வார்களே, அவ்வளவுதான். விமானம் குத்தகைக்கு எடுத்து, கேப்டன்களையும் இன்ஜினியர்களையும் சேர்த்து, மேனுவல் எல்லாம் எழுதி, விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு பறந்து காட்டிய பிறகு கிடைக்கும் இயக்க அனுமதி ஏ.ஓ.சி. அதுதான் தாலி. இரண்டுக்கும் நடுவில் வருஷக்கணக்கில் தேதி தள்ளிப்போனதும் உண்டு, மணப்பந்தலுக்கே வராமல் போனதும் உண்டு.

புதுக் கம்பெனிக்கு விண்ணப்பிக்காதே என்று சொல்லவில்லை. ஃப்ளை91 கோவாவிலிருந்து 2024 மார்ச்சில் பறக்கத் தொடங்கியது. முதல் நாளே சேர்ந்தவனுக்குப் புதுக் கம்பெனியில் சீனியாரிட்டி கிடைக்கும், சீக்கிரம் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, வரும். அந்த ஆசை நியாயமானது. விண்ணப்பம் போடு, ஆனால் ஏ.ஓ.சி. வரும் வரை அவர்களை நம்பி வேறு வேலையை விடாதே, காசு எதுவும் கட்டாதே.

“ஆட்கள் தேவை” என்பதை எப்படிப் படிப்பது

கொரோனாவில் 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டில் பயணிகள் விமானமே பறக்கவில்லை. அப்புறம் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அப்படி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பிறகு ஆள் எடுப்பது திரும்பத் தொடங்கும்போது அது மேலிருந்து கீழேதான் இறங்கும். முதலில் கேப்டன்கள். அவர்கள் இல்லாமல் விமானம் நகராது. வெளிநாட்டிலிருந்துகூடத் தற்காலிக அனுமதியில் வரவழைப்பார்கள். அடுத்தது, அந்த விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங் உள்ள, வேறு கம்பெனியில் மணிக்கணக்கு சேர்த்துவிட்ட ஃபர்ஸ்ட் ஆபீசர்கள். கடைசியாகத்தான் உன் மாதிரி 200 மணி நேரப் பிள்ளைகள்.

ஆகவே விளம்பரத்தில் முதல் வரியைப் பார்க்காதே. தகுதி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் இடத்தைப் பார். “டைப் ரேட்டட்” என்ற சொல் இருந்தால் அந்த விளம்பரம் உனக்கு இல்லை. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதே, தேதி போட்டு எடுத்து வை. ஒரு கம்பெனி இந்த மாதம் கேப்டன்களைக் கேட்கிறது, இன்னும் சில மாதத்தில் ரேட்டிங் உள்ளவர்களைக் கேட்கிறது என்றால், உன் முறை வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கேப்டன்களையே வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் கம்பெனி வேறு கதை. சேர்கிறவர்கள் தங்கவில்லை.

இப்போது ஏன் கதவு திறக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்கள் வாங்கப் போவதாகச் சொன்னது; இண்டிகோ அதே வருஷம் ஜூனில் 500 ஆர்டர் செய்தது. அதோடு பணி நேர விதி மாறியது. வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. 2025 நவம்பர் 1 முதல் இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையும் இரண்டாகக் குறைந்தது. அதற்கு ஏற்ற ஆள்பலம் இல்லாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததை டி.வி.யில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தாயே. பெரிய கம்பெனி ஆள் சேர்க்கும்போது சின்னக் கம்பெனியிலிருந்துதான் இழுக்கும். அங்கே காலியாகும் வலது பக்க இருக்கைதான் உன்னைக் கூப்பிடுகிறது. நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேள்: “இந்த இடம் புது விமானம் வருவதால் உண்டானதா, இருந்தவர் போனதால் உண்டானதா?” இரண்டும் உனக்கு நல்லதுதான். பதில் சொல்லாமல் மழுப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. யூட்யூபில் அமெரிக்க பைலட்டுகள் சொல்வதைக் கேட்டுத் திட்டம் போடாதே. 2009-ல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விபத்து நடந்த பிறகு, 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அதனால் சின்னக் கம்பெனிகளுக்கு ஆள் கிடைக்காமல் 2022-ல் சம்பளத்தை ஏகமாக ஏற்றினார்கள். இங்கே 200 மணி நேரத்தில் உட்காரலாம். அதனாலேயே வரிசை நீளம்.

எந்த விமானம் என்பதுதான் பெரிய கேள்வி

கம்பெனி பெயரைவிட, எந்த விமானத்தில் உட்காரப் போகிறாய் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். டைப் ரேட்டிங் உன் லைசென்ஸில் ஏறுவது. கம்பெனி போனாலும் அது உன்னோடு வரும். ஆனால் அதை வைத்து இன்னொரு கதவைத் தட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

ஏ.டி.ஆர். 72 என்றால் இந்தியாவில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ, ஃப்ளை91 என்று கதவுகள் இருக்கின்றன. இண்டிகோவிடம் மட்டுமே 40-க்கு மேல். புதிதாக வரப் பார்க்கும் கேரளக் கம்பெனிகளும் அதையேதான் சொல்கின்றன. எழுபது சொச்சம் பேர் போகும் இரட்டை இன்ஜின் விமானம். நம் காமலாபுரம் ரன்வே சுமார் 1,800 மீட்டர். முழு பாரம் ஏற்றிய ஏர்பஸ்ஸுக்கு அது போதாது, ஏ.டி.ஆருக்குத் தாராளம். இந்த மாதிரி ரன்வே உள்ள ஊர்கள் இருக்கிற வரை அந்த விமானத்துக்கு வேலை இருக்கும்.

எம்ப்ரேயர் அழகான ஜெட். பாரமவுண்ட் அதைத்தான் ஓட்டியது, ஏர் கோஸ்டாவும் அதைத்தான். இரண்டும் நின்றபோது அந்த ரேட்டிங்கோடு இந்தியாவுக்குள் போக இடம் குறைவாக இருந்தது. இன்று எம்ப்ரேயரில் பயணிகளை ஏற்றும் பிராந்தியக் கம்பெனி என்றால் ஸ்டார் ஏர்தான். 2019 ஜனவரியிலிருந்து பறக்கிறார்கள். நல்ல வேலையாக இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கதவுதான் என்பதைத் தெரிந்து போ.

செஸ்னா கேரவன் மாதிரி ஒன்பது இருக்கை, ஒற்றை இன்ஜின் விமானத்தில் கையால் ஓட்டும் பழக்கம் நன்றாக வரும். அந்த மணிகளைப் பெரிய கம்பெனிகள் எவ்வளவு மதிக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடு. பல விளம்பரங்களில் “மல்டி இன்ஜின்” மணி நேரம் என்றுதான் கேட்பார்கள்.

“ஜெட்டுதான்க்கா கெத்து, ஃபேன் வெச்ச பிளேன்னு பசங்க கிண்டல் பண்றாங்க” என்றான். டேய், ஏற்காடு பஸ் ஓட்டுகிறவரையும் சென்னை விரைவு பஸ் ஓட்டுகிறவரையும் பார். அவர் ராத்திரி முழுக்க நேர் ரோட்டில் போகிறார். இவர் ஒரு நடைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு திருப்புகிறார், ஒரு நாளில் பல நடை. ஏ.டி.ஆர். அந்த மலை பஸ்தான். ஒரு நாளில் நாலு முறை ஏறி நாலு முறை இறங்குவாய். மழைக்காலத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கிண்டல் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

வால்களை எண்ணு

சம்பளம் எவ்வளவு என்று அம்மா கேட்பார். கேட்கட்டும். நீ கேட்க வேண்டியது மாதம் எத்தனை மணி நேரம் பறக்கக் கிடைக்கும் என்பது. பெரும்பாலும் சம்பளம் இரண்டு துண்டாக வரும்: நிலையான ஒரு தொகை, பறக்கும் மணிக்கு ஏற்ற இன்னொரு தொகை. விமானம் ஹேங்கரில் நின்றால் இரண்டாவது துண்டு கரையும். அதைவிட முக்கியம் லாக்புக். கேப்டனாவதற்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி வேண்டும். உன்னிடம் 200 இருக்கிறது. மாதம் 70 மணி கிடைத்தால் மீதி 1,300-ஐ ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே முடிப்பாய். மாதம் 40 என்றால் ஏறக்குறைய இரண்டே முக்கால் வருஷம். சம்பளத்தில் பத்தாயிரம் கூடக் கொடுத்து உன் ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளும் கம்பெனி உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? “எங்களிடம் ஆறு விமானம்” என்று விளம்பரத்தில் இருக்கும். போனில் விமானங்களைப் பின்தொடரும் செயலி இருக்கிறது அல்லவா, ஒரு வாரம் அந்தக் கம்பெனி விமானங்களைப் பார். ஒவ்வொன்றுக்கும் வி.டி. என்று தொடங்கும் பதிவெண் உண்டு. தினமும் எத்தனை வெவ்வேறு எண்கள் பறக்கின்றன என்று நோட்டில் எழுது. ஆறு என்று சொல்லி மூன்று பறந்தால், மற்ற மூன்றும் உதிரி பாகத்துக்காக நிற்கின்றன, அல்லது குத்தகைப் பாக்கி. டி.ஜி.சி.ஏ. மாதாமாதம் வெளியிடும் கணக்கில் எந்தக் கம்பெனி எத்தனை சதவீதம் விமானங்களை ரத்து செய்தது என்றும் இருக்கும். ஆறு மாதத்தை வரிசையாக வைத்துப் பார். கூடவே, தரையில் பெட்டி ஏற்றுகிறவர்கள், எண்ணெய் போடுகிறவர்களிடம் பேசு. ஒரு கம்பெனி காசு கொடுக்கத் தாமதிக்கிறது என்பது பைலட்டுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் இதைச் செய்யாமல்தான் மாட்டினேன். முதலில் சேர்ந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன எண்ணிக்கைக்கும் நான் பார்த்த விமானங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தீபாவளிக்குச் சம்பளம் வரவில்லை. “அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுருவாங்க” என்றார்கள். பொங்கலுக்கும் வரவில்லை. பிறகு ரோஸ்டரும் வரவில்லை. என் லாக்புக்கில் ஐந்நூறு மணிகூடச் சேரவில்லை. அதற்குப் பிறகு ஒன்றேகால் வருஷம் வீட்டில் இருந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, பயிற்சிக் கடனுக்காக வங்கிக்கார அண்ணன்தான் மாதாமாதம் போன் செய்வார்.

பாண்ட், நோட்டீஸ், டைப் ரேட்டிங் காசு

இதில் நிதானம் வேண்டும். சி.பி.எல்.-லுக்கே அரைக் கோடியைத் தாண்டிச் செலவு செய்துவிட்டோம். டைப் ரேட்டிங்குக்கு மேலும் பதினைந்து லட்சம் போல ஆகும். விமானத்தையும் ஊரையும் பொறுத்துக் கூடும் குறையும். யார் கொடுப்பது என்பதில் மூன்று வழி இருக்கிறது. கம்பெனி கொடுத்துப் பாண்ட் போடும். அல்லது நீ கொடுப்பாய், வேலைக் கடிதம் முன்னாலேயே கையில் இருக்கும். மூன்றாவது, வேலையே இல்லாமல் “ரேட்டிங் எடுத்து வெச்சுக்கோ, சீக்கிரம் கிடைச்சிரும்” என்று நீயே செலவு செய்வது.

மூன்றாவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ரேட்டிங் எடுத்து, அந்த விமானத்தில் உட்காராமல் மாதங்கள் போனால் திரும்பவும் சிமுலேட்டருக்குக் காசு கட்ட வேண்டி வரும். ஏர்பஸ் ரேட்டிங் எடுத்துவிட்டு ஏ.டி.ஆர். விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பாண்டைப் படிக்கும்போது இதைப் பார்: எத்தனை வருஷம், நடுவில் போனால் முழுத் தொகையா, வேலை செய்த காலத்தைக் கழித்தா, கம்பெனியே உன்னை நிறுத்தினால் அல்லது மூடிவிட்டால் பாண்ட் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்கு விடை தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடு. வெற்றுக் காசோலை கேட்டால் வக்கீலிடம் காட்டாமல் கொடுக்காதே. சேலம் கோர்ட்டில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார், அரை மணி நேரம் ஆகும்.

நோட்டீஸ் காலம் கம்பெனியோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை. 2017 விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம். நடுவில் நழுவினால், அடுத்த கம்பெனி கேட்கும் என்.ஓ.சி. (இது பழைய கம்பெனி தரும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கிடைக்காது. 2023-ல் நோட்டீஸ் கொடுக்காமல் போன விமானிகள் மீது ஆகாசா ஏர் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. “சும்மா இங்க சேர்ந்து, பெரிய கம்பெனி கூப்பிட்டா ஓடிரலாம்” என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஆறு மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்த ஊரில் தூங்குவாய்?

இதை யாரும் கேட்பதில்லை. பேஸ், அதாவது டூட்டி தொடங்கும் ஊர், பெங்களூரு என்றால் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய் வரலாம் என்று நினைப்பாய். கூடாது. கோல்கன் விபத்தைச் சொன்னேனே, அந்தத் துணை விமானி முந்தின இரவு நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் பறந்து வந்துதான் டூட்டியில் உட்கார்ந்தார்; வீடு தூரம், சம்பளம் குறைவு. அறை வாடகை, சாப்பாடு, பேஸ் ஊரின் செலவு எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அதிலிருந்து கடன் தவணையையும் கழித்துப் பார். பேஸ் கோவாவோ குவாஹாத்தியோ ஆனாலும் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தூங்கு. தீபாவளிக்கு வர முடியாது. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு.

காத்திருக்கும்போது லைசென்ஸ் துருப்பிடிக்காமல்

கூப்பிட்டால் பத்து நாளில் வரச் சொல்வார்கள். அப்போது மெடிக்கல் முடிந்திருந்தால் போச்சு. கிளாஸ் 1 மெடிக்கல் உனக்கு வருஷத்துக்கு ஒரு முறை. தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே நேரம் வாங்கிவிடு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் ஒரு வருஷம்தான். ரேடியோ லைசென்ஸான ஆர்.டி.ஆர்., ஆங்கிலத் திறன் சான்று, விபத்து எதுவும் இல்லை என்ற கடிதம் எல்லாம் தயாராக வை. லாக்புக்கின் ஒவ்வொரு பக்கமும் கூட்டல் சரிபார்த்து, கையெழுத்தோடு இருக்கட்டும். லாக்புக்கில் ஒரு மணி நேரத்தைக்கூட ஏற்றி எழுதாதே. 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டது முதல், தாள் விஷயத்தில் யாரும் சமாதானம் கேட்பதில்லை.

சும்மா உட்காராதே. இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்குப் படி. பறக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கு விமான நிலைய ஆணையம் 2022-ல் இடம் ஒதுக்கிய ஊர்களில் சேலமும் ஒன்று. சொல்லிக்கொடுத்துக்கொண்டே மணி சேரும், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். அதுவும் அமையாவிட்டால் ஏதாவது விமானக் கம்பெனியின் ஆப்பரேஷன்ஸ் அறையில் வேலை பார். யார் எப்போது ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று விளம்பரத்துக்கு முன்னால் அங்கே தெரியும்.

“உள்ளே ஆள் இருக்கார், இத்தனை லட்சம் குடுத்தா சீட் உறுதி” என்று யாராவது போன் செய்தால் கட் செய்துவிட்டு நம்பரை எனக்கு அனுப்பு. அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

சரி, நாலில் எது?

ஏற்கெனவே ஏ.டி.ஆர். பறந்துகொண்டிருக்கும் இரண்டு கம்பெனிக்கும் இன்றைக்கே போடு. அதில் ஒன்று அரசுக் கம்பெனி, ஒப்பந்த வேலை. சம்பளம் சுமார்தான், ஆனால் உனக்கு மணி சேரும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரை பறக்க வாய்ப்பு வரும். மற்றதில் உள்ளேயே பெரிய விமானத்துக்கு மாற வழி இருக்கிறதா, எத்தனை வருஷம் கழித்து என்று கேட்டுக்கொள். கேரவன் கம்பெனிக்கும் போடு. முதல் இரண்டும் மூன்று மாதத்தில் கூப்பிடாவிட்டால் அங்கே போ. வலது இருக்கையில் சும்மா உட்காருவதைவிட ஓட்டுவது நல்லது, வீட்டில் உட்காருவதைவிடக் கண்டிப்பாக நல்லது.

அந்த நாலாவது, புதுக் கம்பெனி: விண்ணப்பத்தை மட்டும் போடு. அவர்கள் விளம்பரத்தில் “சொந்தச் செலவில் டைப் ரேட்டிங், தேர்வானவர்கள் முப்பது நாளில் முன்பணம்” என்று ஒரு வரி இருக்கிறது, பார்த்தாயா? அப்பாவும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. நேற்று ராத்திரி நீ தூங்கிய பிறகு பீரோவைத் திறந்து தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். நான் எடுத்து மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் பையில் இருக்கிறது, புதன்கிழமை டூட்டிக்குக் கொண்டுபோகிறேன்.